கரிச்சானுக்குக் கொடுத்த கிளை

ஓடைக்கரை இலந்தைப் புதரில் ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் வாழ்ந்தது. நாள் முழுக்கத் தரையில் சருகைக் கிளறி இரை தேடுவார்கள். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் குனிய மாட்டார்கள். ஒருத்தி மட்டும் இலந்தையின் உச்சிக் கிளையில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்ப்பாள். வல்லூறு வந்தால் ஒரு குரல். எல்லாரும் முள்ளுக்குள் பாய்வார்கள். பாம்பு வந்தால் வேறு குரல். எல்லாரும் மேலே பறப்பார்கள். எங்கே ஈசல் கிளம்புகிறது, எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது என்ற தகவலும் அந்தக் கிளையிலிருந்துதான் வரும். முறை வைத்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவளுக்கு அந்த வேளை பட்டினி.

செவந்தி என்ற குருவிக்கு அந்தக் கிளை என்றால் உயிர். மற்றவர்களின் முறையையும் கேட்டு வாங்கி உட்காருவாள்.

மழை பொய்த்த ஒரு வருடம் இரை குறைந்தது. அப்போது பளபளவென்று கறுத்த ஒரு கரிச்சான்குருவி வந்து இறங்கினான்.

"எதுக்கு ஒருத்தி வயிறு காயணும்? மேலே நான் உட்காருறேன். நீங்க எல்லாரும் கீழே தின்னுங்க. நீங்க கிளறும்போது தப்பிப் பறக்கிற தத்துக்கிளி மட்டும் எனக்குப் போதும்."

"எங்க குரல் உனக்கு வருமா தம்பி?" என்று கேட்டாள் கூட்டத்தின் தலைவி வடிவு.

கரிச்சான் வாயைத் திறந்தான். செவந்தியின் குரல் அச்சு அசலாக வந்தது. குஞ்சுகள் செவந்தியைத் திரும்பிப் பார்த்தன.

அன்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். தவிட்டுக்குருவிகள் கூடினால் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை, கேட்கத்தான் ஆளில்லை.

செவந்தி எழுந்தாள். "கரிச்சானே வேண்டாம்னு நான் சொல்லலை. வானத்தை அவன் பார்க்கட்டும். தரையை நம்ம புதர்ல இருக்கிற அணில் பார்க்கட்டும். பாம்பு வாசனை அதுக்குத்தான் முதல்ல தெரியும். எல்லாத்தையும் ஒருத்தன்கிட்டயே கொடுத்தா, அவன் இல்லாத அன்னைக்கு என்ன பண்ணுவோம்? நம்மள்ல ஒருத்தி ஒரு வேளையாவது மேலே உட்காரணும். அவன் சொல்றது நிஜமா பொய்யான்னு பார்க்க நமக்கு ஆள் வேண்டாமா?"

"மேலே அவன். அவனைப் பார்க்க ஒருத்தி. அப்புறம் அவன் எதுக்குடி?" என்றாள் வடிவு.

"கிளை கைவிட்டுப் போயிடுமேன்னு அக்காவுக்குக் கவலை" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு செவந்தியைச் சுட்டது. வெயிலிலும் பட்டினியிலும் அவள் காத்த கூட்டம் அது. "உங்க இஷ்டம். இனி நான் வாயைத் திறக்கலை. நீங்களா வந்து கேட்கிற நாள் வரும்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிப் போனாள்.

கிளை முழுவதும் கரிச்சானுக்குப் போனது.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. வல்லூறு வந்தபோதெல்லாம் சரியாகக் குரல் கொடுத்தான். எல்லார் வயிறும் நிறைந்தது.

ஒரு நாள் வடிவு சருகுக்குள்ளிருந்து கொழுத்த பூரான் ஒன்றை இழுத்தாள். உடனே மேலேயிருந்து வல்லூறுக்கான குரல் வந்தது, செவந்தியின் தொண்டையிலிருந்து வருவதைப் போலவே. எல்லாரும் முள்ளுக்குள் பாய்ந்தார்கள். திரும்பி வந்தபோது பூரான் இல்லை.

செவந்தி மட்டும் பழைய பழக்கத்தில் முள்ளிடுக்கு வழியாக அண்ணாந்து பார்த்திருந்தாள். வானம் காலியாக இருந்தது. கரிச்சானின் அலகில் பூரான் நெளிந்தது.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'வந்து கேட்கட்டும்' என்று இருந்துவிட்டாள்.

பொய்க்குரல் பெருகியது. வடிவுக்கே சந்தேகம் வந்தது.

"வல்லூறு வந்த மாதிரியே தெரியலையே தம்பி?"

"நான் கத்தினதாலதான் வரலை அக்கா. ஒரு நாள் கத்தாம இருந்து பார்க்கட்டுமா?"

தங்கள் ஆள் ஒருத்தி மேலே இருந்திருந்தால் வடிவிடம் இதற்குப் பதில் இருந்திருக்கும். அவனை அனுப்பிவிடவும் பயம். கரிச்சான் வந்த பின் பிறந்த குஞ்சுகளுக்குக் கிளையேறி வானம் பார்க்கவே தெரியாது. அணிலும் வேறு மரம் பார்த்துப் போய்விட்டது.

ஒரு முறை வடிவு செவந்தியின் பக்கத்தில் வந்து நின்றாள். ஏதோ கேட்க வந்தவள் போலிருந்தாள். செவந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வடிவு கேட்காமலே போனாள்.

குஞ்சுகள் சும்மா இருக்கவில்லை. தாமாகவே ஒரு பாடம் படித்துக்கொண்டன: குரல் கேட்டால் இரையை விடாதே. வடிவின் கடைக்குட்டி பொடியன் அதில் கெட்டிக்காரன். "அந்தக் கரியன் சும்மா கத்துறான் சித்தி, நீங்க ஏன் ஓடுறீங்க?" என்று செவந்தியிடமே கேட்பான். அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். அவனுக்கும் எதுவும் சொல்லவில்லை.

ஒரு காலை உச்சிக் கிளை காலியாக இருந்தது. ஓடைக்கு அப்பால் மாடுகள் மேயவும், மைனாக்கள் பின்னால் போகவும், தத்துக்கிளி நிறையக் கிளம்பியது. கரிச்சான் அங்கே போய்விட்டான். போகிறேன் என்றுகூட யாரிடமும் சொல்லவில்லை. எல்லாரும் குனிந்து தின்றுகொண்டிருந்தார்கள்.

செவந்தி அண்ணாந்து பார்த்தாள். பனைமரத்தைச் சுற்றிக்கொண்டு வல்லூறு தாழ்ந்து வந்தது.

அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

பெரியவர்கள் முள்ளுக்குள் பாய்ந்தார்கள். பொடியன் அலகில் ஒரு புழு இருந்தது. "கரியன் மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்" என்று அதை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான். நிழல் அவன்மேல் விழுந்தது.

வடிவு வெளியே வந்தபோது புழு மட்டும் சருகில் கிடந்தது.

"கத்தினது நீயாடி?"

"நான்தான் அக்கா."

"பொடியனுக்கு அது உன் குரல்னு தெரியலையே" என்றாள் வடிவு.

அன்று முதல் கரிச்சானுக்குப் பதில் செவந்தி மறுபடி உச்சிக் கிளையில் உட்கார்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அவள் குரல் கொடுக்கும்போதெல்லாம் குஞ்சுகள் ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் ஓடின. அந்த ஒரு கணத்தை அவளால் கடைசிவரை திருப்பி வாங்க முடியவில்லை.

வேலையை வெளியாளிடம் கொடுக்கலாம், அந்த வேலையைச் சோதிக்கும் கண்ணையும் சேர்த்துக் கொடுத்துவிடக் கூடாது. அந்தக் கண் உள்ளவர் ரோஷத்தால் வாயை மூடிக்கொண்டால் அழிவில் அவருக்கும் பங்கு உண்டு.