ஏகாதசி மீன்

ஏகாதசியன்று அந்த ஆசிரமத்தில் அடுப்பு எரியாது. பசியை மறக்க, மதியம் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து போனில் மீன் விளையாட்டு ஆடுவார்கள். விரத நாளில் தின்கிற விளையாட்டா என்று வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பதுண்டு. குரு மதுரவல்லி அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அன்றைக்கு மட்டும் ஒருவருக்கும் விளையாட்டில் மனம் போகவில்லை. விளக்கு வைத்ததும் அம்மாவுக்கு ஓராண்டு மௌனம் தொடங்குகிறது. அதற்குள் ஆசிரமப் பொறுப்பு யாருக்கு என்று அவர் சொல்லியாக வேண்டும். சாவிக்கொத்து அவர் முன்னால் தரையில் கிடந்தது.

ஏகாம்பரத்தை விட்டால் வேறு யார்? அம்மாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்த சீடர். வந்த நாளிலிருந்து ஓய்ந்து உட்கார்ந்ததில்லை. சமையல்கட்டைப் பேச்சியிடமிருந்து வாங்கிக்கொண்டார். தோட்டத்தை நல்லமுத்துவிடமிருந்து வாங்கிக்கொண்டார். பூசை மணியைக்கூட வேறு யாரும் அடித்துவிட முடியாது. எல்லாம் முன்னைவிட ஒழுங்காகவே நடந்தது, பொய் சொல்லக் கூடாது. மற்றவர்களுக்குத்தான் நாள் முழுக்கத் தூணில் சாய்ந்திருப்பதைத் தவிர வேலையில்லை.

அம்மாவோ இன்னும் யார் பெயரையும் சொல்லவில்லை. ஏகாம்பரம் சாவிக்கொத்தின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அம்மா, நேரம் போகுது. என்கிட்ட அப்படி என்ன குறை?"

"ஒரு ஆட்டம் ஆடுவோம். போன்ல எல்லாரும் ஒரே குளத்துக்கு வாங்க. கடைசியில நீங்க மட்டும் மிஞ்சினா, சாவி உங்களுக்கு."

ஏகாம்பரத்துக்கு உயிர் வந்தது. அந்த விளையாட்டில் அவரை அடிக்க அங்கே ஆளில்லை.

எதிர்ப்பட்டதை விழுங்கினால் மீன் பெரிதாகும். பெருத்த மீன் சின்ன மீனை விழுங்கலாம். அவ்வளவுதான் விளையாட்டு. ஏகாம்பரத்தின் மீன் புழுவைத் தின்றது, செருப்பைத் தின்றது, துருப்பிடித்த வாளியைத் தின்றது. அப்புறம் நல்லமுத்துவின் மீனைத் தின்றது.

"அய்யோ, என்னையுமா!" என்று பேச்சி போனை மடியில் கவிழ்த்தாள்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. படகு போயிற்று. படித்துறை போயிற்று. மீன் பெரிதாகப் பெரிதாக அவர் திரையில் குளம் விலகி விலகிச் சின்னதாகிக்கொண்டே வந்தது.

'இன்னும் ஒரு மீன்' என்றது திரை.

அம்மாவின் மீன்தான். ஏகாம்பரம் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பாய்ந்தார். ஒன்றும் அகப்படவில்லை. சுவரில் வெயில் மேலேறி மங்கிக்கொண்டிருந்தது. அவருடைய கட்டைவிரல் வேர்த்து வழுக்கியது. வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி பாய்ந்தார். விளக்குக்குத் திரி போட்டாகிவிட்டது.

"எங்கம்மா இருக்கீங்க?"

"உங்க பக்கத்துலதான்."

"காணோமே!"

"இப்பக்கூட உரசிக்கிட்டுப் போனீங்க."

"உரசினேனா? என் கண்ணுக்கு ஒண்ணும் அகப்படலையே அம்மா. எல்லாம் பொடிப்பொடியாக் கிடக்கு. எது மீன், எது தூசுன்னே தெரியல." அவர் போனை முகத்தருகே தூக்கினார். "நான் இருக்கிற இடமாவது உங்களுக்குத் தெரியுதா?"

அம்மா தன் போனை அவர் பக்கம் திருப்பினார். திரை முழுக்க ஒரே கறுப்புச் செதில்கள். தண்ணீர் இல்லை, கரை இல்லை.

"என் போன்ல உங்களைத் தவிர வேற எதுவுமே தெரியல, ஏகாம்பரம்."

விளக்கை ஏற்றினார்கள். அம்மா கண்களை மூடிக்கொண்டார். சாவிக்கொத்து கிடந்த இடத்திலேயே கிடந்தது. ஏகாம்பரம் கை நீட்டவில்லை.