கப்பல்காரத் தெருவின் இரண்டு தாள்கள்

உப்பளத்துறையில் கப்பல்காரத் தெருவின் கிழக்குக் கோடியில், இடப்பக்கம், கடிகாரம் பழுதுபார்த்த ராயப்பரின் வீடு. மேற்குக் கோடியில், வலப்பக்கம், அவர் நண்பர் சூசையின் வீடு. கடல் கடந்த தேசத்தில் யாரோ கம்பி வழியே பேசினார்களாம் என்ற சேதியை மட்டும் வைத்துக்கொண்டு, நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் ராயப்பர் தாமே தகரக் குழலும் கம்பியும் கொண்டு ஒரு தொலைபேசி செய்தார். சோதனையன்று ஒரு வாக்கியத்தை எழுதி, உறையிலிட்டு, அரக்கு வைத்த பிறகே அதைக் கம்பியில் பேசினார். மறுமுனையில் கேட்டதைக் கேட்டபடி எழுதுவது சூசையின் வேலை. அடுத்த மாதமே ராயப்பர் காசநோயில் இறந்தார். கருவியும் தொலைந்தது. தாள்கள் மட்டும் இரு வீட்டிலும் தங்கின.

இப்போது துறைமுகச் சாலைக்காகத் தெருவின் ஒரு பக்கத்தை இடித்தாக வேண்டும். தொலைபேசி பிறந்த வீடு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் பிழைக்கும். சூசையின் வழிவந்த கணவனைக் கடல் கொண்டுபோன பின், பிரகாசியம்மாளுக்கு மிஞ்சியிருந்தவை சூசை வீட்டுச் சுவர்கள்தாம்.

எந்தப் பக்கம் என்று தீர்க்க வந்த அதிகாரி தாள்களை விரித்தார். ராயப்பருடையது: "வாடை திரும்பிவிட்டது, வலையை இறக்காதே." சூசையுடையது: "வாடை திரும்பிவிட்டது, இருமல், இருமல், வலையை இறக்காதே."

ராயப்பர் வீட்டு மரியதாஸ் சிரித்தான். "என்னக்கா, உங்க சூசைக்குக் காது மந்தமா? எங்க தாள்ல இருமலே இல்லையே!"

"கேட்டதைத்தான் எழுதினாரு தம்பி. இல்லாததை எழுத அவருக்கு என்ன வேண்டுதலா?"

"தாள்கள் ஒத்துப்போகவில்லை" என்றார் அதிகாரி. "கருவி செய்த வீடு எது என்பதிலாவது ஐயமில்லை. இடப்பக்கம் நிற்கட்டும்."

நீங்கள் சொல்லுங்கள்: அதிகாரி தீர்த்தது சரியா? தொலைபேசி பிறந்த வீடு எது?

*

சரியல்ல. முன்பே பேசிவைத்து எழுதியிருந்தால் இரண்டு தாளும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கும். அரக்கு வைத்த பின் ராயப்பருக்கு வந்த இருமல், தெருவின் மறுகோடியில் இருந்த சூசைக்குக் கம்பி வழியே அன்றி வேறெப்படித் தெரியும்? அந்தத் தாள் இல்லையென்றால், ராயப்பர் தகரக் குழலோடு தனியே பேசிக்கொண்டிருந்தார் என்பதுதான் மிஞ்சும். பேச்சு எந்த வீட்டிலும் உண்டு. எட்ட இருந்தவரின் மூச்சு வந்து சேர்ந்தது சூசையின் வீட்டில்.

சாமான் கட்டும்போது பிரகாசியம்மாளுக்கும் இது விளங்கியது. சொல்ல ஓடினாள். அலுவலகத்தில் அப்போது சாப்பாட்டு நேரம். காத்திருந்து, சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் அவள் வீட்டுக் கூரையை இறக்கியிருந்தார்கள்.