சல்லிக்காட்டுப்பட்டியில் கல் பழுத்த கதை

சல்லிக்காட்டுப்பட்டியில் தண்ணீரும் கிடையாது, புத்தியும் கிடையாது. தண்ணீர் இல்லாதது மட்டும் அவர்களுக்குத் தெரியும்.

காடு முழுக்க வெள்ளை வெளேரென்று வெங்கச்சங்கல். ஏர் ஓட்டினால் கொழு முனையில் டங்கென்று மோதும். குடிதண்ணீருக்குப் பெண்கள் பக்கத்து ஊரான ஊத்துப்பாளையத்துக்குக் குடத்தோடு நடக்க வேண்டும். ஊர்த்தலைவர் பொங்கியண்ணன் நல்ல மனிதர். ஊருக்கு எப்படியாவது தண்ணீர் கொண்டுவந்துவிட வேண்டும் என்று தினமும் யோசிப்பார். யோசனை வராத நாளில் தூங்குவார். தினமும் நன்றாகத் தூங்கினார்.

ஒரு நாள் டவுனிலிருந்து கல் வியாபாரி காசிம் ராவுத்தர் வந்தார். வறண்ட ஓடைக்கரையில் ஒரு கல்லை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தவர் அப்படியே குந்திவிட்டார்.

“தலைவரே, இது செவ்வந்திக்கல். உங்க காட்டுல கெடக்கற வெங்கச்சங்கல்லுக்குத் தம்பி முறை. வெள்ளையா இருந்தா பொடிச்சுக் கண்ணாடி செய்வாங்க. தெளிவா இருந்தா ஸ்படிகம், மாலை கோப்பாங்க. கத்தரிப்பூ நிறத்துல இருந்தா இது. உங்க கைக்கடிகாரத்துக்குள்ளகூட இந்த ஜாதிக் கல்லு ஒரு துணுக்கு துடிச்சுக்கிட்டிருக்குது.”

பொங்கியண்ணன் கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துக் கேட்டார். “ஐயோ பாவம், எத்தனை நாளா துடிக்குதோ” என்று சொல்லி, மெதுவாகச் சட்டைப்பையில் படுக்க வைத்தார்.

ராவுத்தர் தொடர்ந்தார். “எனக்கு ஒரு வண்டி செவ்வந்திக்கல் பொறுக்கிக் குடுங்க. பதிலுக்கு உங்க ஊர்ல நான் தண்ணிக்கு ஆழமாத் துளை எறக்கி போர் போட்டுத் தர்றேன். மூணே விஷயம். கத்தரிப்பூ நிறமா பாத்து எடுங்க. அசல் கல்லு கண்ணாடியைக் கீறும், கீறிப் பாத்துக்குங்க. மண்ணு போகக் கழுவி, நல்லாக் காய வைங்க. அடுத்த சந்தைக்கு வர்றேன்.”

ஊரே கை கூப்பி அவரை வழியனுப்பியது.

வேலையைத் தலைவர், அவர் மச்சான் நாச்சிமுத்து, எதையும் தீர விசாரிக்கும் செல்லாத்தாள் ஆகிய மூவரும் முன்னின்று நடத்துவதென்று முடிவானது. செல்லாத்தாள் தன் கொல்லையிலிருந்து ஒரு கத்தரிப்பூவைப் பறித்துக் கொண்டுவந்தாள். கல்லின் பக்கத்தில் பூவை வைத்து, நிறம் ஒத்தால் கூடையில் போட்டார்கள். மத்தியானம் பூ வாடிக் கறுத்துவிட்டது.

“மச்சான், காலையில எடுத்த கல்லெல்லாம் இப்ப தப்பாத் தெரியுதே” என்றார் நாச்சிமுத்து.

“பூவைத்தான் அளவாச் சொன்னாரு. பூவு மாறினா கல்லும் மாறணும். கொட்டுங்க கூடையை” என்றார் தலைவர்.

கொட்டினார்கள். மறுநாள் செல்லாத்தாள் செடியையே வேரோடு பிடுங்கித் தொட்டியில் வைத்துத் தலையில் சுமந்து வந்தாள். அதற்கப்புறம்தான் வேலை ஓடியது.

அடுத்தது கீறிப் பார்க்கும் வேலை. ஒரு கல் கீறினால் எல்லாக் கல்லும் கீறும் என்று நம்பலாமா என்று விவாதம் வந்தது.

“ஒரு வீட்டுல அண்ணன் படிச்சா தம்பியும் படிச்சவனா?” என்று கேட்டாள் செல்லாத்தாள்.

ஆகையால் ஒவ்வொரு கல்லையும் கீறிப் பார்த்தார்கள். ஊரில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடி, படக் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி எல்லாம் கோடு கோடாயின. கடைசியில் கண்ணாடி தீர்ந்துபோய் தலைவரின் மூக்குக்கண்ணாடியை வாங்கினார்கள். திருப்பி மாட்டிக்கொண்ட தலைவர், “அடடே, பனிக்காலம் வந்துருச்சே” என்று துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

மிச்சக் கல் இருக்கும்போதே டவுன் பஸ் வந்தது. நாச்சிமுத்து கை காட்டி நிறுத்தினார். ஏறுவார் என்று டிரைவர் காத்திருந்தார். நாச்சிமுத்து முன்பக்கக் கண்ணாடியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தார்.

“யோவ்! என்னய்யா பண்ற?”

“சந்தோஷப்படுங்க. அசல் கல்லு. உங்க கண்ணாடியும் அசலுங்க” என்றார் நாச்சிமுத்து.

அன்றோடு பஸ் அந்த ஊருக்கு வருவது நின்றது. “கல்லு வேலை முடியறவரைக்கும் இடைஞ்சல் பண்ணக் கூடாதுன்னு ஒதுங்கிக்கிட்டாங்க. நல்ல மனுசங்க” என்று தலைவர் மனம் நெகிழ்ந்தார்.

கழுவுவதற்கு ஊத்துப்பாளையத்திலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. ஊரே தாகத்தோடு கிடக்க, கற்கள் மட்டும் சுகமாகக் குளித்தன. கல் பளபளவென்று கத்தரிப்பூப் போலவே ஆனது. அதைப் பார்த்ததும் பெண்களுக்குத் தொண்டைக்குள்ளேயே தண்ணீர் இறங்கியது போல இருந்தது.

காய வைக்கும் நேரம் பார்த்து மேகம் மூடிக்கொண்டது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. சந்தை நாள் நெருங்கிவிட்டது.

“நல்லாக் காய வைக்கச் சொன்னாரு. கொஞ்சம் ஈரம் இருந்தாலும் போர் கிடையாதுன்னுருவாரோ?” என்று தலைவர் கலங்கினார்.

“சுண்ணாம்புக் காளவாய் இருக்குதே மச்சான். ஒரு மூட்டம் போட்டா எலும்புக்குள்ள இருக்கற ஈரம்கூடப் போயிரும்.”

காளவாயில் கல்லை அடுக்கி விறகு வைத்து மூட்டினார்கள். நெருப்பு அணைந்து ஆறியதும் பிரித்துப் பார்த்தால், கத்தரிப்பூவைக் காணோம். அத்தனை கல்லும் மஞ்சள்.

செல்லாத்தாள் ஒரு கல்லை எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள்.

“பழுத்துருச்சு” என்றாள்.

“என்ன ஆத்தா சொல்ற?”

“மாங்காய் பழுத்தா என்ன நிறம்? மஞ்சள். வாழை பழுத்தா? மஞ்சள். அவரு காயா வைக்கச் சொன்னாரு. நாம மூட்டம் போட்டுப் பழுக்க வெச்சுட்டோம்.”

தலைவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியின் கோடுகள் வழியே கண்ணீர் கிளை கிளையாக இறங்கியது. “எம் மருமக மாசமா இருக்கற வயித்தைத் தூக்கிக்கிட்டு குடம் சுமக்கறா. ஊருக்கு வர இருந்த தண்ணியை நானே பழுக்க வெச்சுட்டேனே” என்றார்.

அவர் அழுவதைப் பார்க்க நாச்சிமுத்துவுக்குத் தாங்கவில்லை. “அழுவாதீங்க மச்சான். அனல்ல பழுத்ததைக் காத்து காயாக்கிரும்” என்றார். ஊரே முறம், விசிறி, துண்டு என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு கல்லைச் சுற்றி உட்கார்ந்து விசிறத் தொடங்கியது.

அவர்கள் விசிறிக்கொண்டிருக்கும்போதே ராவுத்தர் வந்துவிட்டார்.

நடந்ததைத் தலைவர் ஒன்றுவிடாமல் சொன்னார். ராவுத்தர் கல்லைப் பார்த்தார், காளவாயைப் பார்த்தார், தொட்டிக் கத்தரிச் செடியைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“தலைவரே, சூடு பட்டா செவ்வந்திக்கல் மஞ்சளா மாறும். கல்லு அதே கல்லுதான். மஞ்சளுக்கும் ஆள் இருக்குது. நான் எடுத்துக்கறேன். சொன்ன சொல் சொன்னதுதான், போர் வண்டி வரும்.”

தலைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்களை ஏமாத்த மனசு வரலீங்க. நல்லாப் பழுத்த சரக்கு. வெச்சிருந்தா அழுகிரும். சீக்கிரமா வித்துருங்க.”

சொன்னபடி போர் வண்டி வந்தது. துளை போடுகிற மேஸ்திரி காட்டைச் சுற்றிப் பார்த்து, “வெங்கச்சங்கல்லு ரேகை ஓடற எடத்துல பாறை வெடிச்சிருக்கும், தண்ணி கெடைக்கும்” என்று ஓர் இடத்தில் துளைக்கம்பியை இறக்கினார். வண்டி உறுமியது. வெள்ளைப் புழுதி கிளம்பி ஊரையே மூடியது. கொஞ்ச நேரத்தில் பொங்கிக்கொண்டு மேலே பீய்ச்சியடித்தது தண்ணீர், கல்மாவு கலந்து வெள்ளை வெளேரென்று.

“மொதல்ல பால் மாதிரிதான் வரும். ஒரு ராத்திரி ஆடாம வெச்சுருந்து அப்புறம் எடுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு மேஸ்திரி வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பால்” என்றார் தலைவர்.

“ராத்திரி பூரா ஆடாம வெச்சா?” என்றார் நாச்சிமுத்து.

“தயிர்” என்றாள் செல்லாத்தாள்.

ஊரில் இருந்த அண்டா, குண்டா, தொட்டி எல்லாவற்றிலும் பிடித்து நிரப்பினார்கள். செல்லாத்தாள் வீடு வீடாகப் போய் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி மோர் உறை ஊற்றினாள். தயிர் அசையக் கூடாது என்று மாடுகளின் கழுத்து மணியைக்கூட அவிழ்த்து வைத்தார்கள்.

விடிந்து பார்த்தால், அடியில் வெள்ளையாகக் கெட்டிப்பட்டிருந்தது. மேலே பளிங்கு போல நீர் நின்றது.

“நல்லாத்தான் தோஞ்சிருக்குது. தண்ணி விட்டுப்போச்சு, அவ்வளவுதான்” என்றாள் செல்லாத்தாள்.

மேலே நின்ற நீரை ஒரு சொட்டு விடாமல் இறுத்து ஓடையில் கொட்டினார்கள். அடியில் இருந்ததைத் தலைவருக்கு முதல் கவளமாகப் பழைய சோற்றில் பிசைந்து கொடுத்தார்கள். பல்லில் நறநறவென்றது. அவர் கண்ணை மூடி நிதானமாக மென்றார்.

“கெட்டி நல்ல கெட்டி. புளிப்புத்தான் காணாது” என்றார். தொண்டை அடைத்துக்கொண்டு இருமத் தொடங்கினார்.

செல்லாத்தாள் அவசரமாகக் குடத்தை எடுத்துக்கொண்டு ஊத்துப்பாளையத்துக்கு ஓடினாள். அங்கே கிணற்றடியில் நின்ற அந்த ஊர்ப் பெண் ஒருத்தி ஆச்சரியமாகக் கேட்டாள்:

“ஏனக்கா, உங்க ஊர் போர்ல தண்ணி பீய்ச்சி அடிச்சதாமே? அப்புறமும் எதுக்கு இங்க வர்றீங்க?”

செல்லாத்தாள் பெருமூச்சு விட்டுக் குடத்தை இறக்கினாள்.

“தண்ணியா? அதுக்கெல்லாம் குடுத்து வெச்சிருக்கணும் கண்ணு. எங்களுக்கு வெறும் பால்தான் வந்துச்சு.”