தேடியது ஊர் பேரை

குறைதீர் நாளில் நெட்டூரணிக்காரர்கள் கூட்டமாக வந்து நின்றார்கள். "குடிதண்ணிக் குழாய்க்கு நாங்க கொடுத்த மனு என்னாச்சுய்யா?"

"அப்படி ஒரு மனு வரவே இல்லையே" என்றார் அதிகாரி ஞானவரதன், நாற்காலியில் சாய்ந்தபடி.

"கம்ப்யூட்டர்ல தேடிப் பார்க்கட்டுமா சார்?" என்று கேட்டாள் தற்காலிக ஆபரேட்டர் தில்லைக்கரசி.

அவர் சிரித்தார். "நாப்பதாயிரம் ஃபைல்ம்மா! எல்லாத்துக்கும் வெறும் நம்பர்தான் பேரு. ஒவ்வொண்ணா திறந்து படிக்கப் போறியா? சரி, எல்லாரும் பார்க்க பெரிய திரையிலயே தேடு. கிடைக்கலேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

கெட்டிக்காரி, ஒரு ஃபைலைக்கூடத் திறக்கவில்லை. கறுப்புத் திரையில் 'grep' என்று தொடங்கி, ஊர் பேரையும் போட்டு ஒரே வரி தட்டினாள். எல்லா ஃபோல்டருக்குள்ளும் புகுந்து தேடி, அந்தச் சொல் எங்கே கிடக்கிறது என்று இடத்தோடு காட்டிவிடும் கட்டளை அது. அவர் சிரிப்பு அடங்குவதற்குள் பதில் வந்து நின்றது:

ஞானவரதன்/பிறகு_பார்க்கலாம்/317.txt

கூட்டம் அதை வாய்விட்டுப் படித்தது.

"என் பேரை எதுக்குத் தேடினே?" என்று சீறினார் அதிகாரி.

"நான் ஊர் பேரைத்தான் தேடினேன் சார். உங்க பேரு தானா வந்துச்சு."