வாசலுக்கு மேல் ஒரு சிலை

மலைச்சரிவில் ஒரு மடம் இருந்தது. ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை நிலம் நடுங்கும் பகுதி அது. அங்கே பிறந்தவர்களுக்கு நடுக்கம் பழகிப்போன விஷயம். வெளியே ஓடி வருவார்கள், நின்றதும் உள்ளே போய் மறுபடி உலை வைப்பார்கள்.

மடத்தின் பிரார்த்தனைக் கூடத்துக்கு ஒரே வாசல்தான். அந்த வாசலுக்கு மேலே, சுவரிலிருந்து நீட்டிய கற்பலகையில், மறைந்த பெரியசாமியின் கருங்கல் சிலை நின்றது. ஆசி வழங்குவதற்காக வலது கை முன்னால் நீண்டிருக்கும். உள்ளே வருகிற யாரும் அவர் காலடியில் சற்று நேரம் கைகட்டி நின்றுவிட்டுத்தான் வர வேண்டும். திருவடி நிழல் என்று அதற்குப் பெயர். பிரசவத்துக்குக் காத்திருப்பவர்களும் நோயாளிகளும் வயதானவர்களும் இன்னும் கொஞ்சம் அதிக நேரம் நிற்பார்கள். வேகமாக ஓட முடியாதவர்களாகப் பார்த்து அங்கே நிற்கவைத்த புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது!

பெரியசாமிக்குப் பிறகு மடத்தின் தலைமைக்கு வந்தவர் நிறைமதி அம்மை. நாற்பது வயதுதான். வந்ததும் சமையற்கட்டில் பரண்மேல் இருந்த அண்டாக்களைத் தரைக்கு இறக்கினார். அலமாரிகளைச் சுவரோடு சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டச் சொன்னார். யாத்ரிகர்கள் படுக்கும் அறையில் தலைமாட்டில் எதுவும் தொங்கக் கூடாது என்றார். இதற்கெல்லாம் தலையாட்டினார்கள். கூடத்தின் பின்சுவரில் இன்னொரு வாசல் திறக்கலாம் என்றபோது, அது தெற்குப் பார்த்த வாசல், ஆகாது என்றார்கள். சிலையை இறக்கித் தரையில் வைக்கலாம் என்றபோது கூடமே எழுந்து நின்றது.

"பெரியசாமியத் தரையிலயா?" என்று கேட்டவர் தணிகாசலம். அம்மையைவிட இருபது வயது மூத்த சீடர். மடத்து நிர்வாகம் முழுக்க அவர் கையில் இருந்தது. "அவரு காலு நம்ம தலைக்கு மேல இருக்கணும்மா. அதான் முறை."

அம்மை பலமுறை சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அதே பதில்தான் வந்தது.

ஒருநாள் நிலம் நடுங்கியது. பெரிய நடுக்கம் ஒன்றுமில்லை. ஆனால் சிலையின் நீண்ட கை முறிந்து விழுந்தது. கீழே பூ விற்கும் அஞ்சலை கைகட்டி நின்றிருந்தாள். அவள் தோள்பட்டை நொறுங்கிப்போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. மடத்தில் துக்கம் காத்தார்கள், அந்தக் கல் கைக்காக! முறிந்த கையைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்தார்கள். அதில் ரத்தம் பட்டுவிட்டதே என்று தீட்டுக் கழித்தார்கள். ஒட்டவைக்க ஸ்தபதியை அழைத்துவர ஆள் போனான். அஞ்சலை படுத்திருந்த ஆஸ்பத்திரிப் பக்கம் அம்மையைத் தவிர யாரும் போகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் தணிகாசலம் அம்மைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"பெரியசாமி கையே ஒடிஞ்சு விழுதுன்னா, நாம என்னம்மா பாவம் பண்ணோம்? பூமிக்கு நம்ம மேல ஏன் இவ்வளவு கோபம்?"

"பூமிக்கு நாம இருக்கறதே தெரியாது. அது எப்பவும் போலத்தான் நடுங்குச்சு. நாளைக்கும் நடுங்கும். அஞ்சலை தோளை ஒடைச்சது பூமியா?"

"விதிம்மா."

"சிலையை அங்க தூக்கி வச்சது யாரு, விதியா?"

"நாங்கதான். பக்தியில வச்சோம்."

"பெரியசாமி உயிரோட இருந்தப்ப எங்க உக்காருவாரு?"

தணிகாசலம் தயங்கினார். "தரையிலதான். பாய்கூட வேணாம்பாரு."

"அவரு உக்காந்த தரை அவரு சிலைக்கு ஆகாதா?"

"அது வேற, இது வேறம்மா. கையை ஒட்டினதும் அவரு தலைக்கு மேல கருங்கல்லுலயே ஒரு குடை வைக்கலாம்னு இருக்கோம். அடுத்த நடுக்கத்துல அவருக்கு எதுவும் ஆயிடக் கூடாதில்ல?"

அம்மை வாசல் பக்கம் கை காட்டினார்.

"அவருக்கு எதுவும் ஆகக் கூடாது. கீழ நிக்கறவங்களுக்கு?"

"அவங்களை அவரு பாத்துக்குவாரும்மா. அந்த நடுக்கத்துலயும் அவரு உடம்பு அசையலையே, கவனிச்சீங்களா? காவல் நிக்கிறாரு. அந்த வாசல்ல நின்னா ஒருத்தருக்கும் ஒண்ணும் வராது. அது என் உயிர் நம்பிக்கை."

"அஞ்சலை எங்க நின்னா?"

தணிகாசலம் தலை குனிந்தார். ஆனால் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"அவ நம்பிக்கையில ஏதோ குறை இருந்திருக்கும்."

அம்மை எழுந்துவிட்டார். அவர் குரல் உயர்ந்து அந்தக் கூடத்தில் யாரும் கேட்டதில்லை. அன்று கேட்டார்கள்.

"அடிபட்டுக் கெடக்கறவ மேலயே பழியா? வெக்கமா இல்ல உங்களுக்கு?"

வாசலில் அப்போது மூன்று பேர் கைகட்டி நின்றிருந்தார்கள். ஒருத்தி தணிகாசலத்தின் மகள் மங்கை. நிறைமாதம். அவள் பக்கத்தில் அஞ்சலையின் தங்கை வேம்பு. அக்காவின் பூக்கூடையை இப்போது அவள்தான் தூக்குகிறாள். பின்னால் வெளியூரிலிருந்து வந்த கிழவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

நிலம் உறுமியது.

விளக்கில் எண்ணெய் தளும்பியது. சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. மற்றவர்களுக்கு என்னவென்று புரிவதற்குள் தணிகாசலம் துள்ளி எழுந்தார்.

"மங்கை! வாசல்ல நிக்காத! மேல கல்லு இருக்கு! ஓடும்மா, ஓடு!"

அவர் கத்தியது கூடம் முழுக்கக் கேட்டது. மங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். வேம்பு பூக்கூடையோடு விறைத்து நின்றாள். கிழவர் கண்ணையே திறக்கவில்லை. அம்மை ஓடிப்போய் இருவரையும் வெளியே தள்ளி, தானும் அவர்கள்மேல் விழுந்தார். கூடை கவிழ்ந்து பூவெல்லாம் படியில் கொட்டியது.

நடுக்கம் நின்றது. கற்பலகையில் விரிசல் விட்டிருந்தது. சிலை விழவில்லை.

கூட்டம் கூடத்தைவிட்டு முற்றத்துக்கு வந்தது. தணிகாசலம் மகளின் தலையைத் தடவினார், கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கவனித்தார். மெல்ல அம்மையிடம் வந்தார். அம்மை முழங்கை சிராய்ப்பில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பதட்டத்துல ஏதோ வாயில வந்துடுச்சும்மா. பாருங்க, பெரியசாமி விழலையே. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே."

அம்மை நிமிர்ந்தார்.

"வாசல்ல மூணு பேர் நின்னாங்க, தணிகாசலம். நீங்க ஒருத்தியத்தான் கூப்பிட்டீங்க."