நெடுந்துறையின் மூன்று சாவிகள்

வெகுகாலத்துக்கு முன்னே, நெடுந்துறை என்ற கடற்கரை நாட்டை உத்தமசீலன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். பெரிய நாடும் இல்லை, பொடி நாடும் இல்லை. அரிசி வடக்கிலிருந்து வரும், குதிரை மேற்கிலிருந்து வரும், இரும்பு தீவிலிருந்து வரும். ராஜாவுக்கோ காலையில் ஒரு மனசு, சாயங்காலம் ஒரு மனசு.

துறைமுக வாயிலில், தண்ணீருக்கடியில் ஓர் இரும்புச் சங்கிலி கிடந்தது. கரையிலுள்ள உருளையைச் சுற்றினால் சங்கிலி மேலே எழும்பும். பிறகு ஒரு கப்பலும் நுழைய முடியாது. அந்த உருளையின் பூட்டுச் சாவியை வருஷா வருஷம் தை முதல் நாள் வெள்ளித் தட்டில் வைத்துச் சக்கரவர்த்திக்கு அனுப்புவது வழக்கம். அவர் தொட்டுத் திருப்பி அனுப்புவார்.

ஒரு வருஷம் சக்கரவர்த்தியின் சாம்ராஜ்யம் சரிந்துபோயிற்று. வடக்கு, மேற்கு, தீவு என்று மூன்று ராஜ்யங்கள் தலைதூக்கின. மூன்று தூதர்களும் ஒரே வாரத்தில் வந்து இறங்கி, ஒரே பேச்சைப் பேசினார்கள். “சாவி எங்களுக்கு. மற்றவன் கப்பல் வந்தால் சங்கிலியைத் தூக்குவோம். தராவிட்டால் படை வரும்.”

சேனாபதி வச்சிரபாகுவுக்கு மந்திரி ஆராவமுதனைக் கண்டாலே ஆகாது. “வடக்கன்தான் பலசாலி மகாராஜா. கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். மந்திரிக்கென்ன, யோசனைதானே அவருக்குச் சாப்பாடு!”

சபை சிரித்தது.

“கொடுத்தால் குதிரை வராது, இரும்பும் வராது. அப்புறம் சேனாபதி எதில் ஏறி, எதை வீசுவார்?” என்றார் மந்திரி.

“அப்படியானால் யாருக்கும் கிடையாது!” என்று ராஜா எகிறினார்.

“மூவரும் சேர்ந்தே வருவார்கள் பிரபு. பட்டினி கிடக்கப்போவது ஜனங்கள்.”

“மூன்று நாள் தருகிறேன். சண்டையில்லாமல் முடியவேண்டும். இல்லையென்றால் உம் தலை அந்தச் சங்கிலியில் தொங்கும்.”

தை முதல் நாள். மந்திரி தூதர்களைத் துறைமுகத்துக்கு அழைத்தார்; ராஜாவும் சேனாபதியும் உடன் வந்தார்கள். மூன்று வெள்ளித் தட்டுகளில் மூன்று சாவிகள். உருளையில் மூன்று புதுப் பூட்டுகள்.

“மூன்றும் திறந்தால்தான் உருளை சுற்றும். உங்கள் மூவரின் சம்மதமும் இல்லாமல் இந்தத் துறையை எவரும் மூட முடியாது.”

வடக்குத் தூதர் முகம் கறுத்தது. “நானாக மூட முடியாதே?”

“முடியாது. ஆனால் உங்களை வெளியே நிறுத்தி மற்றவர்கள் மூடவும் முடியாது. இந்தச் சாவி வேண்டாமென்றால் சொல்லுங்கள், இந்த இருவரில் யாரிடம் கொடுக்கட்டும்?”

அவர் மற்ற இருவரையும் பார்த்தார். சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படகை நோக்கி நடந்தார்.

மற்ற இருவரும் தங்கள் சாவியோடு நகர்ந்ததும் ராஜா கேட்டார்: “என் சாவி எங்கே?”

“பார்த்தீர்களா மகாராஜா! சொந்தத் துறையைப் பூட்ட உங்களுக்கே சாவி இல்லை. துரோகம்!” என்று சேனாபதி கத்தினார்.

“இல்லைதான்,” என்றார் மந்திரி. “கையில் இருந்ததால்தானே கொடு கொடு என்று வந்தார்கள்? இல்லாதவனிடம் எதைக் கேட்பார்கள்?”

ராஜா கடல் பக்கம் திரும்பினார். “மூவரும் ஒருநாள் ஒன்றுசேர்ந்தால்?”

“நமக்குப் பட்டினிதான். அந்த நாள் வராமல் பார்த்துக்கொள்வதுதான் இனி ராஜாவின் வேலை. மூவரோடும் பேசிக்கொண்டே இருக்கவேண்டும் பிரபு. ஓய்வு கிடையாது.”

ராஜா முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார். “வச்சிரபாகு, நீர் இந்த உருளைக்குக் காவல் நில்லும். மூன்று சாவியும் சேர்ந்து வருவதைக் கண்டால் ஓடிவந்து சொல்லும்.” சேனாபதி தலை கவிழ்ந்தார்.

“முதலில் யாரோடு பேசட்டும், மந்திரி?”

“உங்கள்மேல் அதிகக் கோபமாக இருப்பவரோடு.”

ராஜா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஈரமணலில் வடக்குத் தூதரின் படகை நோக்கி வேகமாக நடந்தார்.