வீங்காத கை

“வந்த கிருமியை உடம்பு வாசல்லயே கொன்னுபோட வேண்டியதுதானே, டாக்டரம்மா?” என்று கேட்டார் சீடர்.

சீடருக்கு வயது அறுபத்தொன்று. பெயர் தவசி. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

குருவுக்கு முப்பத்து நான்கு. மலையடிவாரத்துக் காசநோய் ஆஸ்பத்திரியின் டாக்டர் நசீமா.

குரு, சீடர் என்ற பட்டங்களைக் கொடுத்தது வார்டுக்காரர்கள். மனைவி ராமுத்தாயின் கட்டிலருகே கைகட்டி நின்று தினம் ஒரு கேள்வி கேட்கிற மனுஷனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

ராமுத்தாய்க்கு இரண்டு மாதமாகக் காய்ச்சல். சளியை இரண்டு முறை பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. ஆள் மட்டும் பாதியாகிவிட்டாள்.

குரு வெளியே போனார். மரத்தடியில் ஒரு புளியங்கொட்டையைப் பொறுக்கிக் கழுவிக் கொண்டுவந்து நீட்டினார்.

“வாயில போடுங்க ஐயா. துப்பக் கூடாது, முழுங்கக் கூடாது. மென்னு முடிச்சுட்டு வந்து சொல்லுங்க.”

சாயங்காலம் சீடர் கன்னம் புடைக்க வந்து நின்றார்.

“முடியலம்மா. கடிச்சா பல்லு ஆடுது. சோறு இறங்கல. பேச்சும் வரல.”

“உடம்போட முதல் சிப்பாய் கதி இதுதான். கிருமியைக் கண்டதும் முழுங்கிடுவான். கொல்லத்தான் முடியாது. அது அவன் வயித்துக்குள்ளயே குடித்தனம் பண்ணும்.”

சீடர் கொட்டையைத் துப்பினார். அவருக்குக் கோபம் வந்தது.

“துணைக்கு ஆளே வராதா?”

“வரும். வாரக்கணக்குல ஆகும், ஆனா வரும். அவனைச் சுத்தி நின்னு மதில் கட்டும். எத்தனையோ பேர் நெஞ்சுக்குள்ள அப்படி ஒரு மதில் இருக்கு. தெரியாமலே நடமாடுறாங்க.”

“எத்தனை நாள் நிக்கும்?”

“சாகுற வரைக்கும்கூட நிக்கலாம்.”

“நிக்கலைன்னா?”

குரு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் குரு, கூடவே இருக்கிறவர் என்று சீடரையும் சேர்த்து, இருவருக்கும் முன்கையில், தோலுக்குள்ளேயே, ஒரு சொட்டு சோதனை மருந்து ஏற்றினார். மூன்றாம் நாள் பார்க்கலாம் என்றார்.

“தடிச்சு வீங்கினா கிருமி இருக்குன்னு அர்த்தம்” என்றார் எதிர்க் கட்டில்காரர். அரைகுறை ஞானம் நோயைவிட வேகமாகப் பரவும். சீடர் அதை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மூன்று நாளும் மாரியாத்தாளிடம் ஒரே வேண்டுதல். அவள் கை வீங்கக் கூடாது.

மூன்றாம் நாள் காலையில் சீடரின் கை சிவந்து, தடித்து, கல்லாகியிருந்தது. ராமுத்தாயின் கையில் ஊசி குத்திய இடமே தெரியவில்லை.

“ஏத்தா, உனக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்!” என்றார். அத்தனை சந்தோஷமாக அவரை யாரும் பார்த்ததில்லை.

“அப்ப ஏன் என்னால எந்திரிக்க முடியல?”

“படுத்தே கெடந்தா யாருக்கும் அப்படித்தான்.”

பிளாஸ்க், தட்டு, மாற்றுச் சேலை எல்லாவற்றையும் பைக்குள் அடுக்கினார். குரு அளவுகோலோடு வந்தார். இரண்டு கைகளையும் அளந்து எழுதினார்.

“எனக்கு எவ்வளவும்மா?”

“பதினெட்டு மில்லிமீட்டர்.”

“அவளுக்கு?”

“ஒண்ணுமே இல்ல.”

சீடர் கையெடுத்துக் கும்பிட்டார். “இதைத்தானம்மா கேட்டேன். என்னை இங்க போட்டுக்குங்க. அவளை வீட்டுக்கு அனுப்பிடுங்க.”

குரு வார்டில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். காலையில்தான் வந்திருந்த எக்ஸ்ரே படத்தை உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

இரண்டு நுரையீரலிலும் கேழ்வரகை அள்ளித் தூவினாற்போலப் புள்ளிகள்.

“இது யாரோட படம்?”

“உங்க வீட்டம்மாவோடது. கிருமி நெஞ்சு பூரா பரவிடுச்சு.”

“அப்ப கை ஏன் வீங்கல?”

குரு சீடரின் விரலை எடுத்து அவருடைய தடிப்பின்மேலேயே வைத்து அழுத்தினார்.

“வலிக்குதா?”

“வலிக்குது.”

“ஊசியில போட்டது செத்த கிருமியோட சாறு. அதைக் கண்டதும் உங்க உடம்புல காவல் நிக்கிற ஆளுங்க ஓடி வந்துட்டாங்க. இது அவங்கதான் ஐயா. உங்களுக்குள்ளயும் கிருமி இருக்கு. மதில் நிக்குது.”

அதே விரலை எடுத்து ராமுத்தாயின் கைமேல் வைத்தார்.

“இங்க?”

சீடர் தடவிப் பார்த்தார். அந்தப் பக்கம், இந்தப் பக்கம், முழங்கை வரைக்கும் தடவிப் பார்த்தார்.

“யாரும் வரலியேம்மா.”

குரு படத்தை உறைக்குள் போட்டார்.

“மருந்து இருக்குல்ல?”

“இன்னைக்கே ஆரம்பிக்கிறேன். மருந்து வெளியிலேர்ந்து போற ஆள். கையைக் குடுக்க உள்ள யாராவது இருக்கணும்.”

குரு எழுந்து மருந்து எடுக்கப் போனார்.

ராமுத்தாய் கண்ணைத் திறந்தாள். “என்ன சொல்றாங்க? கிளம்பலாமா?”

சீடர் தரையில் மண்டியிட்டார். அவள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஊசி குத்திய இடத்தை உள்ளங்கையால் பரபரவென்று தேய்த்தார்.

“வீங்கு, தாயி,” என்றார். “கொஞ்சமாவது வீங்கு.”